தாலி கோத்தவள்

குழல்வாய்மொழி விதவையானது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், குற்றாலத்தில், மகள் கேட்டுக்கொண்டதற்காக.

செத்துப்போன புருஷன் என்று யாரும் இல்லை. ஒன்பது வயதில் தென்காசியில் அவளுக்குச் சாமி பெயரால் பொட்டுக் கட்டினார்கள். சாமிக்குச் சாவு கிடையாது. ஆகவே தாசி தாலியறுப்பதும் கிடையாது. அவளோடு பதினேழு வருஷம் இருந்து உலகம்மாளைப் பெறுவதற்குக் காரணமாக இருந்த மிராசுதார் இறந்துபோன அன்று, அவர் வீட்டில் மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். இவள் தலை நிறையப் பிச்சிப்பூவோடு தன் வாசலில் கோலம் போட்டாள். அழாமல் இல்லை. கண்ணீர் மாக்கோலத்தில் விழத்தான் செய்தது. ஆனால் பூவை எடுக்கவில்லை. முறை அது.

இப்போது வெள்ளைச் சீலை கட்டிலில் மடித்து வைத்திருந்தது. உலகம்மாள் அதன் பக்கத்தில் நின்றாள். இலஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் டீச்சர். பிள்ளைகளிடம் பேசுகிற குரலிலேயே அம்மாவிடமும் பேசினாள்.

"பொட்டையும் கழத்திரும்மா."

"எந்தப் பொட்ட? நெத்தியில இருக்கதையா, கழுத்துல கெடக்கதையா?"

"ரெண்டையுந்தான்."

குழல்வாய்மொழி நெற்றியை முந்தானையால் துடைத்தாள். பிறகு கழுத்தில் கிடந்த சரட்டைத் தலைவழியாக எடுத்து, இரண்டு கருகமணிக்கு நடுவில் தொங்கிய தங்கப் பொட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டாள். ஏதாவது ஆகும் என்று அவள் கொஞ்சம் எதிர்பார்த்தது உண்மை. மயக்கம் வரும், நெஞ்சு அடைக்கும், குறைந்தபட்சம் ஒரு பல்லியாவது கத்தும் என்று. ஒன்றும் ஆகவில்லை. கழுத்து லேசாக இருந்தது. சரடு கிடந்த தடம் மட்டும் வெளுத்துக் கோடாகத் தெரிந்தது. அதைச் சீலையால் மூடிக்கொண்டாள்.

குற்றாலத்தில் சீசன் மும்முரமாக இருந்தது. சாரல் நிற்காமல் தூறியது. பெரிய அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்த உடம்புகளும் ஈரத் துண்டுகளுமாகக் கூட்டம். உள்ளூர்க்காரர்கள் எல்லாரும் அந்த இரண்டு மாதத்துக்கு வீட்டைப் பிரித்துப் பிரித்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். உச்சிமாகாளி என்கிறவளின் வீட்டில் இரண்டு அறையை உலகம்மாள் எடுத்திருந்தாள். தென்காசியில் பெண் பார்க்க வரச் சொல்ல முடியாது. தெருவின் பெயரைச் சொன்னாலே ஜட்கா வண்டிக்காரன் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். குற்றாலத்தில் சீசனுக்கு வந்த எல்லாரும் அசலூர்க்காரர்கள். யார் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

உச்சிமாகாளிக்குத் தெரியும். அந்தக் காலத்தில் மிராசுதார் பங்களாவுக்கு மோர் ஊற்றியவள் அவள். காப்பிக்குப் பால் கொண்டு வந்தவள் வெள்ளைச் சீலையை மேலும் கீழும் பார்த்தாள்.

"யக்கா, இதுவும் ஒங்களுக்கு எடுப்பாத்தான் இருக்கு."

"வாய மூடிக்கிட்டுப் போ. அவுக வந்தா இந்தப் பக்கம் தலைகாட்டாத."

"நான் ஏன் காட்டுதேன்? நமக்கு வாடகை வந்தாச் சரி."

மாப்பிள்ளை சுந்தரபாண்டியன் தென்காசியில் மின்சார ஆபீசில் வேலை பார்த்தான். இலஞ்சி பஸ்ஸில் உலகம்மாளைப் பார்த்துப் பழக்கமாகி, ஒரு வருஷம் போன பிறகு அவளே அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவன் மறுநாள் பஸ்ஸில் ஏறி, "எங்கம்மைக்கு மட்டும் தெரியாண்டாம், மத்ததெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்," என்றான். அதனால் ஒரு கதை தயாரானது. குழல்வாய்மொழியின் புருஷன் சைவப்பிள்ளை. செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர்ச் சீமையில் கணக்கப்பிள்ளையாக இருந்து அம்மை கண்டு இறந்துபோனார். போன வருஷம்தான் செங்கோட்டையே மதராஸோடு சேர்ந்திருந்தது. அந்தப் பக்கத்துச் சங்கதியை யாரும் லேசில் விசாரித்துவிட முடியாது.

உலகம்மாளோடு கூடப் படித்த ஜெபமலர் டீச்சர் துணைக்கு வந்திருந்தாள். முதல் நாள் அவளும் உலகம்மாளும் சேர்ந்து குழல்வாய்மொழிக்குப் பாடம் நடத்தினார்கள். கூடத்துக்கு வரக்கூடாது. உள்வாசல் ஓரமாக உட்கார வேண்டும். சத்தமாகச் சிரிக்கக்கூடாது. ஆம்பிளைகள் முகத்தைப் பார்த்துப் பேசக்கூடாது.

"ஏட்டி, எத்தனை தாலியறுத்தவள நான் பாத்திருக்கேன். எனக்கே சொல்லித் தாரியளா?" என்றாள் குழல்வாய்மொழி.

பார்த்தது உண்மைதான். குடும்பத்துப் பெண்கள் எப்படி நடப்பார்கள், எப்படி உட்காருவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவர்களிடமிருந்து வித்தியாசமாக நடப்பதுதான் அவள் தொழில்.

பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அம்பாசமுத்திரம் பக்கம் ஆற்றங்கரையில் ஒரு ஊர். தகப்பனார் சிவனணைந்தபெருமாள் பிள்ளை கிராம முன்சீப்பாக இருந்து ஓய்ந்தவர். விபூதிப் பட்டை, அங்கவஸ்திரம். வலது கை லேசாக நடுங்கியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து தப்பித்த கை. தாயார் வள்ளித்தாய் குட்டையான, உறுதியான மனுஷி. வந்ததும் வராததுமாக இரண்டு அறையையும் கண்ணால் அளந்தாள். சுந்தரபாண்டியன் யாரையும் பார்க்காமல் நனைந்த குடையை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கிக்கொண்டிருந்தான்.

எல்லாம் நன்றாகவே நடந்தது. உலகம்மாள் சொஜ்ஜியும் பஜ்ஜியும் கொண்டுவந்து வைத்தாள், நமஸ்காரம் செய்தாள். வள்ளித்தாய் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தலைமுடியை ஒரு பிடி பிடித்துப் பார்த்தாள்.

"சவுரி இல்லையே?"

"இல்ல அத்தை."

"அத்தைன்னு இப்பவே சொல்லுதா பாரு," என்று வள்ளித்தாய் உள்வாசல் பக்கம் திரும்பினாள். "மதினி, பிள்ளைய நல்லா வளத்திருக்கிய. ஒத்தையில கெடந்து வளக்கது லேசா?"

"எல்லாம் அவளாப் படிச்சு அவளா வளந்தா," என்றாள் குழல்வாய்மொழி, தரையைப் பார்த்துக்கொண்டு. சரியாகச் செய்கிறோம் என்று அவளுக்கே திருப்தியாக இருந்தது.

பெரியவர் செங்கோட்டையைப் பற்றிப் பேசினார். ராஜா காலத்தில் அந்தப் பக்கம் உப்பு என்ன விலை, புகையிலையை எப்படிக் கடத்தினார்கள் என்று அவருக்கு நிறையத் தெரிந்திருந்தது. சம்பந்தம் கூடிவிட்டது என்பது அவர் பேச்சு நீண்டதிலேயே தெரிந்தது. "ஆவணியில முகூர்த்தம் பாத்துருவோம்," என்றார். ஜெபமலர் சந்தோஷத்தில் வெற்றிலைத் தட்டை எடுத்துவந்தாள். கிறிஸ்தவ வீட்டுப் பெண். தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடுவில் இருந்த இடத்தில் வைத்தாள். உள்வாசல் நிலைப்படிக்குப் பக்கத்தில்.

பெரியவர் எட்டி ஒரு வெற்றிலையை எடுத்தார். காம்பைக் கிள்ளப் பார்த்தார். கை நடுங்கியது. வெற்றிலை கிழிந்தது. அடுத்ததை எடுத்தார். சுண்ணாம்பு விரலில் ஒட்டாமல் வேட்டியில் சிந்தியது. பேச்சை மட்டும் விடவில்லை. "ஆரியங்காவுல ஒரு செக்போஸ்ட் இருந்திச்சு பாத்துக்கிடுங்க..."

குழல்வாய்மொழி தட்டைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையும் பார்க்கவில்லை, சொல்லிக்கொடுத்தபடி. ஆரியங்காவு செக்போஸ்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். கைதான் போனது. கொழுந்து வெற்றிலையாகப் பார்த்து இரண்டை எடுத்து, தொடையில் வைத்து முன்னும் பின்னும் துடைத்து, காம்பும் நுனியும் கிள்ளி, முதுகு நரம்பை நகத்தால் ஒரே இழுப்பில் உரித்தது. நடுவிரலால் சுண்ணாம்பு தடவி, சீவல் வைத்து, முக்கோணமாக மடித்து, கிராம்பு குத்தியது. வலது முழங்கைக்குக் கீழே இடது கையைக் கொடுத்து நீட்டியது.

ஒரு குடும்பஸ்திரீ வெற்றிலையைத் தட்டோடு நகர்த்தி வைப்பாள். மடித்துக் கையில் கொடுப்பது புருஷனுக்கு மட்டும், அதுவும் யாரும் இல்லாதபோது. விதவை வெற்றிலையைத் தொடவே மாட்டாள்.

இதுகூடப் பெரிய விஷயமில்லை. கை சுவாதீனமில்லாத மனுஷர் மேல் இரக்கப்பட்டாள் என்று சமாளித்திருக்கலாம். ஆனால் பெரியவரும் செக்போஸ்ட் நினைவிலேயே இருந்தார். நீட்டிய கையை அவர் பார்க்கவில்லை. இடது கையால் அங்கவஸ்திரத்தை ஒதுக்கிக்கொண்டு, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, மூன்று விரலால் அந்த மடிப்பைக் கிராம்போடு சேர்த்து வாங்கி வாயில் போட்டு, தலையை ஒருமுறை மெல்ல ஆட்டினார். 'பேஷ்' என்கிற ஆட்டம். கொடுக்கத் தெரிந்த கை ஒன்று, வாங்கத் தெரிந்த கை ஒன்று. இரண்டும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவை.

உலகம்மாளின் முகம் வெளிறிப்போனது. சுந்தரபாண்டியன் குடையை விரித்தபடியே பிடித்திருந்தான். பெரியவருக்கு இரண்டு மெல்லு மென்ற பிறகுதான் உறைத்தது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. வெள்ளைச் சீலையைப் பார்த்தார். சட்டென்று ஜன்னலுக்கு வெளியே சாரலைப் பார்க்க ஆரம்பித்தார்.

வள்ளித்தாய் வெள்ளைச் சீலையைப் பார்க்கவில்லை. தன் புருஷனைத்தான் பார்த்தாள். முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அந்தத் தலையாட்டலை அவள் தன் வீட்டில் பார்த்ததில்லை.

எழுந்தாள். "அடுக்களை எங்க?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனாள். குழல்வாய்மொழி பின்னால் போனாள்.

அடுக்களை என்பது ஒரு அடுப்பும் நாலு பாத்திரமும் வைத்த மூலை. ஓட்டில் ஒழுகிய இடத்தில் ஒரு செம்பு வைத்திருந்தது. வள்ளித்தாய் அதைத் தாண்டி நின்றாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள்.

"எந்தக் கோயிலு?"

மழுப்புவதில் பயனில்லை என்று குழல்வாய்மொழிக்குத் தெரிந்தது. "தென்காசி," என்றாள்.

"எம் பையனுக்குத் தெரியுமா?"

"தெரியும். உங்களுக்குத்தான் தெரியாண்டாம்னு சொன்னான்."

"எல்லாரும் சேந்துதான் என்னைய முட்டாளாக்கியிருக்கிய." வள்ளித்தாய் சீலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "அவுகள முன்ன பின்ன தெரியுமா உனக்கு?"

"தெரியாது. சத்தியமா. ஆனா முறை தெரிஞ்சவுகதான். எங்கேயோ ஒரு வீட்டுல பழகியிருக்காவ."

"அது எனக்கும் இப்பத்தான் விளங்குது." அவள் உதடு கோணியது. சிரிப்பா என்று சொல்ல முடியாது. "அந்தக் காலத்துல கோர்ட்டு வாய்தாவுக்குப் போறேன், வாய்தாவுக்குப் போறேன்னு மாசம் ரெண்டு தரம் போவாவ. எந்த வாய்தாவோ."

குழல்வாய்மொழி இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள். இந்த அம்மாள் இப்போது குடையை எடுக்கச் சொல்வாள், பஸ்ஸுக்குப் போவார்கள். உலகம்மாள் நாளைக்குப் பள்ளிக்கூடம் போவாள். அதன்பிறகு ஒரு வருஷத்துக்கு அம்மாவோடு பேசமாட்டாள். அவள் கல்யாணம் இனி எந்தக் காலத்திலும் நடக்காது. இரண்டு வெற்றிலை.

வள்ளித்தாய் போகவில்லை. ஒழுக்குக்கு வைத்த செம்பையே பார்த்தாள்.

"எனக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான். சொன்னாங்களா?"

"சொன்னாவ. காய்ச்சல்ல போயிட்டான்னு."

"கல்யாணம் கட்டி ஏழாம் மாசம். எங்க குடும்பத்துல தாலி கோக்கது எப்பவும் உங்க ஆளுகதான். என் தாலியக் கோத்தது அம்பாசமுத்திரத்துல ஒருத்தி. எங்க மாமியாளுக்கு அவ அம்மா. மூத்தவன் கல்யாணத்துக்கு ஆளு பாத்தப்ப பொட்டுக் கட்டக் கூடாதுன்னு சட்டம் வந்திருச்சு, யாரும் கூப்பிடக் கூடாது, கேவலம்னு சொல்லிட்டாவ. திருநெல்வேலியில கடையில கோத்தே வாங்கினோம். எந்தக் கையி கோத்திச்சோ. ஏழே மாசம்."

குழல்வாய்மொழிக்கு இப்போதுதான் பேச்சின் போக்குப் புரிந்தது. தாலியறுக்காதவள் கை பட்டால் தாலி நிலைக்கும் என்பது ஊர் நம்பிக்கை. பெரிய வீட்டுக் கல்யாணம் என்றால் முதல் நாளே மஞ்சள் சரடும் தாலியும் தாசி வீட்டுக்கு வந்துவிடும். அவள் குளித்து, பூவைத்து, கிழக்கே பார்த்து உட்கார்ந்து கருகமணியோடு கோத்து அனுப்புவாள். குழல்வாய்மொழி எத்தனையோ கோத்திருக்கிறாள். அதில் எது நிலைத்தது, எது ஆறே மாதத்தில் அறுந்தது என்பதும் அவளுக்குத் தெரியும். மணிக்கு ஒன்றும் தெரியாது. அதை இந்த அம்மாளிடம் சொல்லிவிடலாம். சொன்னால் நேர்மை. நேர்மைக்குப் பெண் எடுப்பார்களா?

"உன் கையால கோத்துத் தருவியா?" என்றாள் வள்ளித்தாய். கேட்டுவிட்டு அவள் கழுத்தைப் பார்த்தாள். முந்தானை விலகியிருந்தது. "பொட்டு எங்க? கழத்திட்டியா?"

அந்தக் கேள்வியில் இருந்த பயம் உண்மையானது. பெற்ற பிள்ளையைச் சுடுகாட்டுக்கு அனுப்பியவளின் பயம். குழல்வாய்மொழி ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் யோசித்தாள்.

"அத யாராவது கழத்துவாளா? இடுப்புல முடிஞ்சு வச்சிருக்கேன். வெள்ளைச் சீல வெளிவேஷம்."

வள்ளித்தாயின் தோள் இறங்கியது. "அப்பச் சரி," என்றாள். பிறகு வியாபாரம் பேசுகிற குரலில் சொன்னாள்: "பொண்ண எடுத்துக்கிடுதேன். பொண்ணு மேல எனக்குக் குறை இல்ல. ஆனா உனக்கும் அவளுக்கும் ஒண்ணும் கிடையாது. ஊருல அவ அம்மா சீக்காளி, விதவை, வர முடியலன்னு சொல்லிக்கிடுவேன். தாரை வாக்க எங்க சித்தப்பா மகன் இருக்கான். நீ கோத்துக் கொடுத்தனுப்பு. அதோட சரி."

"கொடுத்தனுப்பக் கூடாது. கோத்தவ கூட வந்து, கட்டி முடியிற வரைக்கும் பக்கத்துல நிக்கணும். அதான் முறை."

அப்படி ஒரு முறை கிடையாது. கோத்துக் கொடுத்த தாசி முகூர்த்த நேரத்தில் எங்கே இருக்கிறாள் என்று எந்த வீட்டிலும் கேட்டதில்லை.

"எங்க மாமியா அப்படிச் சொல்லலையே."

"மாமியாருக்கு எப்படித் தெரியும்? அத நாங்கதான சொல்லணும்."

வள்ளித்தாய் அவளை வெகுநேரம் பார்த்தாள். நம்பினாளா என்பது தெரியவில்லை. "தாலி கோக்க வந்தவளா வா. பெத்தவளா வராத," என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போனாள். "என்ன, கிளம்புவோமா? ஆவணியில முகூர்த்தம்னு சொன்னிய," என்று புருஷனிடம் கேட்டாள். பெரியவர் மென்றதை ஒருவழியாக விழுங்கிவிட்டு எழுந்தார். மதினி என்ற சொல் அதன்பிறகு வள்ளித்தாயின் வாயிலிருந்து வரவில்லை.

அவர்கள் போனதும் ஜெபமலர் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள். உலகம்மாள் அடுக்களை நிலையில் சாய்ந்து நின்றாள். தட்டிக்கு அந்தப் பக்கம் நின்று அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"ஒரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரம் கைய வச்சிக்கிட்டு இருக்க முடியல உனக்கு."

"முடியலதான்."

"பெட்டிக்குள்ள கெடக்கத இடுப்புல இருக்குன்னு சொன்ன."

"ஆமா, சொன்னேன்."

"அவுக பையன் செத்த பயத்துல கேக்காவம்மா. அவுககிட்டப் போய்."

"நீ என்னைய விதவையா வேஷங்கட்டச் சொன்னப்ப அது என்னட்டி? அரிச்சந்திரன் பாடமா?" குழல்வாய்மொழி வெள்ளைச் சீலையின் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "அது கழுத்துல கெடந்தாலும் ஒண்ணுதான், பெட்டியில கெடந்தாலும் ஒண்ணுதான். நான் கோத்துச் சீக்கிரம் அறுந்ததும் இருக்கு. பேரன் பேத்தி எடுத்ததும் இருக்கு. அவன் ஆயுசு அவன் உடம்புல. வேளைக்குச் சோறு போட்டு நல்லாப் பாத்துக்க."

உலகம்மாள் மறுபடி பேசியபோது டீச்சர் குரல் போய்விட்டிருந்தது.

"நீ வராதம்மா. கோத்துக் கொடுத்தனுப்பிரு. பட்டும் பூவுமா நீ அங்க வந்து நிப்ப, நான் யாரோ மாதிரி மணையில இருக்கணும். என்னால முடியாது. எங்கேயாவது வாய் தவறிரும். எல்லாம் பாழாப் போகும்."

"உனக்குத் தவறாது. எனக்குத்தான் தவறும். நான் பாத்துக்கிடுதேன்."

"எதுக்கு வரணுங்கிற? என்னத்துக்கு இந்தப் பிடிவாதம்?"

குழல்வாய்மொழியின் வீட்டில் இதுவரை ஒரு கல்யாணமும் நடந்ததில்லை. அவளுக்கு இல்லை, அவள் அம்மாவுக்கு இல்லை, அதற்கு முன்னால் யாருக்கும் இல்லை. ஊரில் இருந்த கல்யாணங்களுக்கெல்லாம் சரடு கோத்த வீடு அது.

"பாக்கணும்," என்றாள்.

உலகம்மாள் அதற்கு மேல் மறுக்கவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டு வாசலில் பந்தல். குழல்வாய்மொழி முதல் பஸ்ஸிலேயே போய் இறங்கிவிட்டாள். அரக்குப் பட்டு, தலை நிறையப் பூ, நெற்றியில் குங்குமம், கழுத்தில் சரடு. பொட்டைத் திரும்பக் கட்டிக்கொண்டது எந்த வகையில் சேர்த்தி என்று அவளுக்கே தெரியாது. கேட்கிற ஆளும் இல்லை.

வள்ளித்தாய் அவளை உள்ளறையில் உட்கார வைத்துத் தாலியையும் சரட்டையும் கொடுத்தாள். பக்கத்தில் நின்று ஒவ்வொரு மணியாக ஏறுவதைப் பார்த்தாள். குழல்வாய்மொழியின் கை பழகின வேலையைப் பழகினபடி செய்தது. கடைசி முடிச்சுக்கு மட்டும், இறுகியிருக்கிறதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். வேறு எந்தத் தாலிக்கும் அவள் அப்படிப் பார்த்ததில்லை. பார்ப்பதால் ஒன்றுமில்லை என்பது அவளே சொன்னதுதான்.

பந்தலில் அவள் பெண்ணுக்குப் பின்பக்கம், தூணோரம் நின்றாள். "தாலி கோக்கத் தென்காசியில இருந்து வந்திருக்கா. அந்த முறைய வள்ளித்தாய் விடல பாரு," என்று யாரோ கிழவி சொல்வது காதில் விழுந்தது. இளசுகள் அவளைக் கடைக்கண்ணால் பார்த்தார்கள். சிவனணைந்தபெருமாள் பிள்ளை அந்தத் தூண் இருக்கிற திசைக்கே முகத்தைத் திருப்பவில்லை. யாரோ ஒரு சித்தப்பா மகனும் அவர் பெண்டாட்டியும் உலகம்மாளைத் தங்கள் பெண்ணாகத் தாரை வார்த்தார்கள். நாதஸ்வரம் உயர்ந்தது. சுந்தரபாண்டியன் கட்டினான். முதல் முடிச்சு அவனுக்குச் சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடி போட்டான். குழல்வாய்மொழி நின்ற இடத்திலிருந்து மகளின் முகம் தெரியவில்லை. பிடரியும் பூவும்தான் தெரிந்தன. மற்றவர்களோடு சேர்ந்து அட்சதை போட்டாள்.

மழை வருகிற மாதிரி இருந்ததால் பெண் மாப்பிள்ளையையும் முதல் பந்தியிலேயே உட்கார்த்தினார்கள். தாலி கோத்தவளுக்கு எதிர் வரிசையில் கடைசி இலை. நெருக்கியடித்த கூட்டத்தில் அம்மாவும் மகளும் ஏழெட்டு இலை தள்ளி எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். குழல்வாய்மொழி எதையும் மிச்சம் வைக்கவில்லை. அவியல் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள். மகள் கல்யாணச் சாப்பாடு. ஒருத்திக்கு ஒருமுறைதான் கிடைக்கும்.

உலகம்மாள் சாப்பிடவில்லை. குனிந்த தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். காலையிலிருந்து பட்டினி என்பது அந்தத் தோளிலேயே தெரிந்தது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்; பரீட்சை என்றாலும் சாப்பிடமாட்டாள், காய்ச்சல் என்றாலும் சாப்பிடமாட்டாள்.

"ஏட்டி, சாப்பிடு. பெசஞ்சுக்கிட்டே இருந்தா வயிறு நெறையுமா?"

சொல்லி முடித்த பிறகுதான் எவ்வளவு சத்தமாகச் சொல்லிவிட்டோம் என்பது குழல்வாய்மொழிக்குத் தெரிந்தது. இரண்டு வரிசையும் நிமிர்ந்து பார்த்தது. பரிமாறிக்கொண்டிருந்த வள்ளித்தாய் கரண்டியோடு நின்றுவிட்டாள். பெண்ணின் கை இலையில் அப்படியே இருந்தது.

அந்தக் கிழவிதான் சிரித்தாள். "பாத்தியா, கோத்தவளுக்கு உரிமைய! மாமியா கூட இப்படி அதட்ட மாட்டா." பந்தி முழுக்கச் சிரிப்பு ஓடியது. யாரோ, "சாப்பிடும்மா, இல்லன்னா தாலியத் திருப்பிக் கேட்டுருவா," என்றார்கள். சிரிப்போடு சிரிப்பாக அது போய்விட்டது.

உலகம்மாள் ஒரு வாய் எடுத்து வைத்தாள். பிறகு இன்னொன்று. நிமிரவேயில்லை. ஆனால் இலையில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டாள்.

கை கழுவுகிற இடம் கொல்லையில் வாழைக்கு அடியில். குழல்வாய்மொழி போனபோது பின்னாலேயே வள்ளித்தாய் செம்போடு வந்தாள். வேலைக்காரியிடம் கொடுத்தனுப்பியிருக்கலாம், அவளே வந்தாள். ஊற்றினாள்.

"சாப்பாடு எப்படி?"

"சாம்பார்ல உப்பு ஒரு கல்லு கூட. பாயாசம் நல்லாருக்கு."

"சீல ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். வாங்கிட்டுப் போ. இனிமே இந்தப் பக்கம் வர வேண்டியிருக்காது."

"வரமாட்டேன்." குழல்வாய்மொழி விரலிடுக்கைத் தேய்த்துக் கழுவினாள். "தலைப்பிரசவத்துக்கு எங்க அனுப்புவிய?"

செம்பு நின்றது. தலைப்பிரசவம் என்றால் தாய் வீடு. அதற்கு வேறு வழக்கம் கிடையாது. அம்மா செத்துவிட்டாள் என்று சொல்லியிருந்தால் ஒரு சாக்கு இருந்திருக்கும். சீக்காளி என்று சொல்லி வைத்திருந்தது வள்ளித்தாய்தான். பந்தலில் இன்றைக்கு நாலு பேராவது அந்த அம்மாளுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டிருப்பார்கள்.

"நானே வச்சுப் பாப்பேன்," என்றாள் வள்ளித்தாய்.

"பாப்பிய. நல்லாவே பாப்பிய. ஆனா இடுப்பு வலியில அவ யாரக் கூப்பிடுவான்னு உங்களுக்குத் தெரியும். நீங்களும் கத்தினவுகதான்."

வள்ளித்தாய் பந்தல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே அடுத்த பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கணக்கு ஒன்று ஒத்துவராதவளின் சலிப்புதான் இருந்தது.

"அத அப்பப் பாத்துக்கிடுவோம்," என்றாள். செம்பில் மிச்சமிருந்த தண்ணீரையும் ஊற்றினாள்.

குழல்வாய்மொழி அந்தத் தண்ணீரிலும் கையைக் கழுவிக்கொண்டாள்.

"பாத்துக்கிடுவோம்," என்றாள்.